ஈரத் தரையும் மின்சாரமும்: டெல்டா வீடுகளில் தவிர்க்க வேண்டிய ஒயரிங் தவறுகள்

அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் பழைய ஓட்டு வீடு. மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கொல்லைக்குப் போகும் வழியில் சமையலறையில் பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு மணைப்பலகை கிடந்தது. எதற்கு என்று கேட்டேன். "வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்கிறது, தம்பி. பலகைமேல் நின்று திறந்தால் ஒன்றும் செய்வதில்லை" என்றார் அந்த வீட்டு அம்மா. இரண்டு வருடமாக அப்படித்தான் திறக்கிறாராம். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று முள்ளில் மேலே இருக்கும் தடித்த முள் இல்லை. இரண்டு துளை உள்ள பெட்டியில் நுழையவில்லை என்று யாரோ அதை உடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு முதலில் அந்தப் பிளக்கைத்தான் மாற்றினேன். கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கத்தில் 25 வருடமாக வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறேன். வீட்டில் ஏதோ கோளாறு என்று தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தும் ஒரு பலகையைப் போட்டுப் பழகிக்கொண்டவர்கள்தான் அதிகம். விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, அப்புறம் என்ன என்று இருந்துவிடுகிறார்கள்.

நம் பகுதியில் இந்தப் பழக்கம் மற்ற இடங்களைவிட ஆபத்தானது. ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் கால் வைத்தால் சேறு. சமையலறைத் தரை ஓதம் ஏறி நிற்கும். பிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் என்று எதன் இரும்பு உடலில் மின்சாரம் கசிந்தாலும் அதைப் பூமிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பச்சை நிற எர்த் ஒயர். அது இல்லாத வீட்டில், ஈரத் தரையில் நின்று தொடுகிறவரின் உடல் வழியாகத்தான் மின்சாரம் பூமிக்கு இறங்கும்.

"எர்த் எல்லாம் அப்பா காலத்திலேயே போட்டாயிற்று" என்பார்கள். போய்ப் பார்த்தால், அந்தக் காலத்தில் அடிகுழாயின் இரும்புக் குழாயில் சுற்றிய கம்பி. பிறகு அடிகுழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருப்பார்கள். எர்த் கம்பி மட்டும் சுவரோரம் தொங்கிக்கொண்டிருக்கும், போய்ச் சேர இடமில்லாமல். இன்னும் மோசமான ஒன்று உண்டு. எர்த் இல்லாததை மறைக்க, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த சாக்கெட்டில் செருகிய பொருளின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். தொழில் தெரிந்தவர் இதைச் செய்யவே கூடாது.

எர்த் ஒயரைச் சேர்க்கும் குழாயை மண்ணில் புதைத்த நல்ல எர்த் குழி இருந்தாலும் கோடையில் அதைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடினால் ஜூன் 12 வரை ஆற்றில் தண்ணீர் இருக்காது. சித்திரை வெயிலில் நம் களிமண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். குழிக்குள்ளும் மண் குழாயை விட்டு விலகும், எர்த்தின் மின்தடை ஏறும். 50 ஓம் வரை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கசிவில் ஓடக்கூடியது 230-ஐ 50-ஆல் வகுத்தால் வருகிற 4.6 ஆம்பியர்தான். மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. பிரிட்ஜின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். கோடையில் வாரம் ஒருமுறை குழியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று எர்த் கம்பியைக் குழாயோடு பிடித்திருக்கும் கிளாம்பை அரித்துவிடும். அங்கே மழைக்காலத்துக்கு முன் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து முடுக்கச் சொல்லுங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடாதா என்று கேட்கிறார்கள். விழாது. அது அளவுக்கு மீறிய மின்சாரத்தால் ஒயர் தீப்பிடிக்காமல் காக்கிற கருவி. மனிதரைக் கொல்ல ஆம்பியர் கணக்கில் மின்சாரம் தேவையில்லை, அதில் ஒரு சிறு பின்னமே போதும். ஆளைக் காக்க வைப்பது ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தால் ஒரு விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். அதற்குமேல் உள்ளவை உயிர்காக்கப் போதாது.

மழை நாளில் அது அடிக்கடி விழுகிறது என்று சிலர் அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த கோபம் வருகிற இடம் இதுதான். எங்கோ சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அந்தக் கருவி சொல்கிறது. அதன் வாயை அடைத்தால் கசிவு நின்றுவிடுமா? எந்த சர்க்யூட்டைப் போட்டால் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய பீங்கான் பியூஸ் கட்டை உள்ள வீடுகளில், பியூஸ் போனால் கையில் கிடைத்த செம்புக் கம்பி இழையை இரண்டு மூன்றாக முறுக்கிக் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு பியூஸ் போகாது, ஒயர்தான் உருகும். இன்னொரு பழக்கம், பிளக் இல்லாமல் ஒயர் முனைகளைச் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவது. திருவிழா சீரியல் விளக்கையும் வீட்டுக் கல்யாண விளக்கையும் இப்படிச் செருகுவதை இன்றும் பார்க்கிறேன். ஒரு குழந்தை இழுத்தால் போதும்.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இப்போது இன்டக்‌ஷன் அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் ஏறுகின்றன. 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டும் அதில் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதைத் தாங்காது. பவர் பிளக்குக்குத் தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஏ.சி.க்கு 4 என்று இழுப்பதே வழக்கம். சுவிட்ச் பலகையில் கை வைத்தால் சூடு தெரிந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறினாலோ, மீன் கருகினாற்போல் வாடை வந்தாலோ அந்த சர்க்யூட்டை அன்றே நிறுத்திவிடுங்கள். தை அறுவடைக்குப் பிறகு வீட்டில் நெல் அடுக்கினால் எலி வரும், எலி வந்தால் பரண்மேல் போகும் ஒயரைக் கடிக்கும். மூட்டை அடுக்கும் முன் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள்.

துணி காயப்போடும் கொடிக்கம்பியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் மாடியில் ஓர் இரும்புக் குழாய் வழியாக இறங்குகிறது. நேராக, உறுதியாக நிற்பதால் அதிலேயே கொடிக்கம்பியின் ஒரு முனையைக் கட்டிவிடுகிறார்கள். காற்றில் ஒயர் குழாயின் வாயில் உரசி உரசி ரப்பர் தேய்ந்துபோகும். செம்போ அலுமினியமோ குழாயைத் தொட்ட நிமிடத்தில் கொடிக்கம்பி முழுவதும் மின்சாரம். ஈரச் சேலையை உதறிப் போடுகிற கை அதைப் பிடிக்கும். இந்தக் கசிவு மீட்டருக்கு முன்னாலேயே நடப்பதால் வீட்டு எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ விழாது. கொடிக்கு நைலான் கயிறு போதும். அதையும் குழாயிலோ மின்கம்பத்திலோ கட்ட வேண்டாம்.

புயல் நாட்கள் தனி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபின், பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வீட்டு பிளக்கிலேயே செருகித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இப்படிச் செய்தால், அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாக வெளி லைனுக்குப் போகும். டிரான்ஸ்பார்மரில் பின்புறமாக ஏறினால் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் யாருடைய பிள்ளை?

புயலுக்குப் பிறகு மின்விசிறி தானாக வேகமெடுத்தால், விளக்கு கண்ணைக் கூசினால், பக்கத்து வீட்டில் விளக்கு மங்கினால், கம்பத்தில் நியூட்ரல் போயிருக்க வாய்ப்பு அதிகம். 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம் வரலாம். உடனே மெயினை நிறுத்துங்கள். இது வீட்டு எலக்ட்ரீஷியன் வேலை இல்லை, மின்வாரியத்தின் வேலை. அறுந்து கிடக்கும் கம்பிக்கும் அப்படியே. பக்கத்தில் போகாமல், யாரையும் போகவிடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

பல்பு மாற்றுவது, விழுந்த எம்.சி.பி.யை ஒருமுறை தூக்கிப் பார்ப்பது, மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது, இவை வீட்டுக்காரர் செய்யலாம். தூக்கிய எம்.சி.பி. மறுபடியும் விழுந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். சுருக்கென்று ஒருமுறை அடித்தாலும், சுவரில் ஈரத்தோடு சுவிட்ச் இருந்தாலும், வெள்ளம் சாக்கெட் மட்டத்துக்கு ஏறி வடிந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெள்ளம் வடிந்த வீட்டில் ஒயரின் உறையில் கசிவு இருக்கிறதா என்று மெகர் என்ற அளவுகருவி வைத்துச் சோதிக்காமல் மெயினைப் போடக் கூடாது. டெஸ்டர் எரியவில்லை என்று நம்பிக் கை வைக்கவும் வேண்டாம். வெயிலில் அதன் வெளிச்சம் தெரியாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினாலும் அதன் லைனில் மின்சாரம் இருக்கும், அதையும் சேர்த்து நிறுத்த வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். அது எட்டாத தூரத்தில் இருந்தால் காய்ந்த மூங்கில் கழியாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். பச்சை மட்டையும் ஈரக் கழியும் மின்சாரத்தைக் கடத்தும். 108-க்குச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

வேலைக்கு வருகிறவரிடம் மின் கம்பியாள் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேலை முடிந்ததும் சுவிட்சை நிறுத்தி, ஹோல்டரில் டெஸ்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் எரிந்தால் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார் என்று பொருள், மாற்றச் சொல்லுங்கள். எர்த்தை அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கண்முன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி ஆர்.சி.சி.பி. விழுந்தபிறகு கூலியைக் கொடுங்கள்.