பானெட்டைக் கடைசியில் திறவுங்கள்: பழைய மசில் கார் வாங்குவோர் செய்யும் தவறுகள்

விற்பவர் முதலில் பானெட்டைத்தான் திறப்பார். சாவியைத் திருப்பியதும் எட்டு சிலிண்டர் எஞ்சின் உறுமும். நிற்கும் சிமெண்டுத் தரை லேசாக அதிரும். வாங்க வந்தவர் அந்த நொடியிலேயே மனத்துக்குள் பணத்தை எண்ணி வைத்துவிடுவார். அமெரிக்க மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய அறுபது, எழுபதுகளின் வேகக் கார், வாங்கப் போகிறவர்களில் பலர் சறுக்கும் இடம் இதுதான். எஞ்சினை மாற்றிவிடலாம்; ஷெவர்லேயின் 350 கன அங்குல எஞ்சினுக்கு அமெரிக்காவில் உதிரிபாகம் கிடைக்காத ஊர் அரிது. காரின் அடையாளத்தையும் இரும்புக் கூட்டையும் அப்படி மாற்ற முடியாது. ஆகவே முதலில் எண்கள், அடுத்து துரு, எஞ்சின் கடைசியில்.

எண்கள் என்று ஏன் சொல்கிறேன்? நண்பர் ஒருவருடன் ஒஹாயோவில் ஒரு வீட்டுக் கராஜுக்குப் போயிருந்தேன். 1969 ஷெவர்லே கமாரோ. கிரில்லில் 'எஸ்எஸ்' (சூப்பர் ஸ்போர்ட், கமாரோவின் விலை கூடிய வேக வகை) சின்னம், உள்ளே 396 எஞ்சின், விலையும் எஸ்எஸ் விலை. டேஷ்போர்டில் உள்ள அடையாள எண் 124379என் என்று தொடங்கியது. 124 என்றால் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் பொருத்தி வந்த கமாரோ, 37 என்றால் இரண்டு கதவுக் கூபே, 9 என்றால் 1969, என் என்றால் நார்வுட் ஆலை. எஸ்எஸ்ஸா இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பில், அதாவது ஃபயர்வாலில், பொருத்தியிருந்த சிறு தகடு சொன்னது. அதில் '03பி' என்று இருந்தது: மார்ச் இரண்டாம் வாரத்தில் செய்த கார். பக்கத்தில் 'எக்ஸ்44'. அந்தக் குறி, அலங்காரம் எதுவும் இல்லாத சாதாரண கமாரோவுக்கு உரியது. நண்பர் காருக்கு அடியில் படுத்துப் பின் அச்சின் மூடியில் போல்ட்டுகளை எண்ணினார், பத்து. எஸ்எஸ்ஸில் பன்னிரண்டு இருக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகே டார்ச் அடித்து, எஞ்சின் வார்ப்பில் இருந்த தேதியைப் படித்தோம்: எச் 5 9. எச் என்பது எட்டாவது எழுத்து, அதாவது ஆகஸ்ட் 5, 1969. மார்ச்சில் ஆலையை விட்டுப் புறப்பட்ட காருக்குள் ஆகஸ்ட்டில் வார்த்த எஞ்சின்! "எனக்கு விற்றவர் எஸ்எஸ் என்றுதான் சொன்னார்" என்றார் வீட்டுக்காரர். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. இந்தச் சந்தையில் ஏமாந்தவரே அடுத்தவரை ஏமாற்றுவது சகஜம்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம் உண்டு. பான்டியாக் ஜிடிஓ 1964, 65 ஆண்டுகளில் லெமான்ஸ் காரின் மேல் வாங்கும் கூடுதல் வசதித் தொகுப்பாகத்தான் இருந்தது. அதனால் அந்த இரண்டு ஆண்டுகளில் எண்ணை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. 1966 முதல் 71 வரை 242 என்று தொடங்காத கார் ஜிடிஓவே அல்ல. கிரைஸ்லர் கார்களில் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 71 மாடல்களில் 'ஆர்' என்றால் 426 ஹெமி என்ற பெரிய எஞ்சின். 1970இல் அந்த எஞ்சினோடு செய்த பிளிமத் 'ஹெமி குடா' மொத்தமே 666 தான் என்பதால், அந்த எழுத்து இல்லாத ஹெமி குடாவைக் காட்டினால் சிரித்துவிட்டு நகரலாம். பான்டியாக்குக்கு பிஹெச்எஸ் ஆவணங்கள், 1967 முதலான ஃபோர்டுக்கு மார்ட்டி அறிக்கை என்று, கட்டணம் செலுத்தினால் ஆலைப் பதிவேடுகளிலிருந்து கிடைக்கும் சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்களுக்கு அப்படி ஒரு பொது ஆவணக் களஞ்சியம் இல்லை. போலிகள் அங்கே மலிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சின் பிளாக்கைச் செதுக்கிப் புது எண் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் 'நம்பர் மேட்சிங்' (எஞ்சின் எண்ணும் கார் எண்ணும் பொருந்துகின்றன) என்று விளம்பரத்தில் பார்த்தால், எந்த நம்பர், எதனோடு பொருந்துகிறது என்று கேட்க வேண்டும்.

இனி துரு. பளபளக்கும் பெயின்ட்டுக்கு அடியில் கை தடிமனுக்குப் பட்டி பூசியிருக்கலாம். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பாகம், பின் சக்கரத்தின் மேல்வளைவு என்று நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, அல்லது அதன் மேல் பட்டி தடிமனாக இருக்கிறது. வினைல் கூரை போட்ட கார் என்றால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். வினைலுக்கு அடியில் தேங்கும் ஈரம், பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள தகட்டைத் தின்று, அங்கிருந்து டிக்கிக்குள் இறங்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், மிகக் கொடிய துரு 1965 முதல் 68 வரையிலான முஸ்டாங்குகளில், முன் கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரு பெட்டி போன்ற அமைப்பு. மேலே காற்றுக்காக வரிசையாகத் துளைகள். மழைநீர் அதில் இறங்கி இரு பக்கமாக வெளியேற வேண்டும். இலைச்சருகு விழுந்து அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, பெட்டியின் உட்பகுதி அரித்துப்போகும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. முன் தரைத்தகடு மட்டும் மறுபடி மறுபடி துருப்பிடிக்கும். ஒவ்வொரு உரிமையாளரும் தரையை மாற்றிவிட்டு அடுத்தவருக்கு விற்பார். சரிசெய்ய வேண்டுமானால் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு மேல்தகட்டைக் கழற்றியாக வேண்டும். கண்டுபிடிப்பதோ மிக எளிது: கால்மிதியைத் தூக்கிவிட்டு, துளைகளில் ஒரு குடம் நீர் ஊற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். விற்பவர் "தண்ணீர் எல்லாம் வேண்டாமே" என்றால் அதுவே பதில்.

குளிர்காலச் சாலைகளில் உப்புக் கொட்டும் மிச்சிகனில் மலிவாகக் கிடைக்கும் காரைவிட, அரிசோனா வெயிலில் சீட்டும் டேஷ்போர்டும் வெடித்துப்போன கார் எவ்வளவோ மேல். சீட் உறையைத் தைத்துவிடலாம்.

பிராஜெக்ட் கார், அதாவது தாமே சரிசெய்து ஓட்ட வேண்டிய கார், வாங்குவோர் செய்யும் இன்னொரு தவறு, கழற்றிப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கும் காரை மலிவு என்று நம்புவது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது போலிருக்கும். தொலைந்துபோன ஒரு குரோம் பட்டியைத் தேடி மாதங்கள் ஓடும். முதல் தலைமுறை கமாரோவுக்கு முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கிறார்கள். மெர்குரி சைக்ளோனுக்கோ ஏஎம்சி ரெபெலுக்கோ ஒரு கதவுப் பட்டி கிடைப்பதே பாடு. அரிய கார் என்பதற்காக விலை குறைவாகக் கேட்கவில்லை. உதிரிபாகமும் அரிது என்பதற்காகத்தான் குறைவாகக் கேட்கிறார்கள்.

உரிமைப் பத்திரம் இல்லாமல் வெறும் விற்பனைச் சீட்டோடு வரும் கார்களைத் தொடாதீர்கள். பத்திரத்தில் உள்ள எண்ணையும் காரில் உள்ள எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

புதுப்பிக்கப்படாமல் ஆலையிலிருந்து வந்தபடியே தப்பிப் பிழைத்த 'சர்வைவர்' கார்களில் ஆபத்து வேறு வகை: வாங்கியவரே கெடுப்பது. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் திரையில் ஓட்டிய 1968 முஸ்டாங், புதுப்பிக்கப்படாமல், தேய்ந்த பெயின்ட்டும் துருவுமாகவே 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு வந்து, கட்டணத்துடன் 37.4 லட்சம் டாலருக்குப் போனது. எல்லாக் காருக்கும் அந்தப் புகழ் இல்லைதான். ஆனாலும் ஆலையில் அடித்த பெயின்ட்டை உரித்துப் புதிதாக அடிப்பவர், கூடுதல் காசு கொடுத்து வாங்கியதையே உரித்து எறிகிறார். ஃபயர்வாலில் மங்கிய சாக்குக் கட்டிக் கிறுக்கல் தெரிந்தால் அழுத்தித் துடைக்காதீர்கள். ஆலைத் தொழிலாளி போட்ட குறியாக இருக்கலாம். கிரைஸ்லர் கார் என்றால் பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் தேடுங்கள். எந்தெந்தப் பாகம் பொருத்த வேண்டும் என்று ஆலையில் அச்சடித்த தாள் அங்கே செருகிக் கிடப்பதுண்டு, எலி தின்னாமல் விட்டிருந்தால். பல ஆண்டுகள் நின்ற காரின் சாவியை உடனே திருப்புவதும் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரால் கையாலேயே எஞ்சினைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் பேட்டரி.

அந்த ஒஹாயோ கமாரோவை நண்பர் வாங்கவில்லை. சாதாரண கமாரோவின் விலைக்குக் கேட்டுப் பார்த்தார், வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அதே கார் மறுபடியும் எஸ்எஸ் என்றே விளம்பரத்தில் வந்தது. பதினெட்டுப் படங்கள் போட்டிருந்தார்கள். ஃபயர்வால் தகடு ஒன்றில்கூட இல்லை.