எண் கணிப்பு லைப்ரரியைப் பராமரிக்க வந்தவருக்கு

ஓர் ஓப்பன் சோர்ஸ் கணிப்பு லைப்ரரிக்குள் பங்களிப்பாளராக நுழைந்து, நாலு பேட்ச் (கோடில் திருத்தம்) போட்டு, இப்போது மற்றவர் பேட்சை மெர்ஜ் செய்யும், அதாவது மூலக் கோடில் சேர்க்கும் அனுமதியும் கைக்கு வந்துவிட்டதா? முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மற்ற மென்பொருளில் பக் இருந்தால் புரோகிராம் நின்றுவிடும், திரை உறைந்துபோகும், யாராவது உடனே கத்துவார்கள். இங்கே தப்பான எண் சத்தமே இல்லாமல் வெளியே வரும், அதை ஒருவர் தன் ஆய்வுக் கட்டுரையிலோ கட்டுமானக் கணக்கிலோ எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதனால் வேகம், புது வசதி, அழகான ஏபிஐ (லைப்ரரியைக் கூப்பிடும் ஃபங்ஷன் பெயர்களும் வடிவங்களும்) எல்லாம் அப்புறம்தான். வெளியே போகிற எண் சரியா என்பதுதான் முதல் கேள்வி, எந்த பேட்ச் வந்தாலும்.

அதற்குக் கணக்கில் சரியாக இருக்கும் சூத்திரம் கணினியில் எப்படித் தப்பாகிறது என்று ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 1000000001, 1000000002, 1000000003 என்று மூன்று எண்களை எடுங்கள். சராசரி 1000000002; சராசரியிலிருந்து விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 + 0 + 1 = 2, மனக்கணக்காகவே வந்துவிடும். இதையே பாடப்புத்தகக் குறுக்குவழியில், அதாவது வர்க்கங்களின் கூடுதலிலிருந்து, கூடுதலின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்துக் கழிக்கும் வழியில் போட்டால், கழிபடும் இரண்டு எண்களும் 3-க்குப் பின்னால் 18 சுழி அளவில் நிற்கும். டபுளில், அதாவது கணினி தசம எண்களை வைக்கும் வழக்கமான 64 பிட் வடிவத்தில், இருப்பது 53 பிட் துல்லியம்தான், சுமார் 16 இலக்கம். அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு டபுள் எண்களுக்கு நடுவே இடைவெளி 512. ஆக கழித்து வருவது 512-இன் மடங்காகத்தான் இருக்க முடியும்: 0, 512, ஏன், மைனஸ் 512 கூட. 2 மட்டும் வரவே வராது. மைனஸ் வந்து அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் நேன் (எண்ணே அல்ல என்ற குறி) ஆகிவிடும், அதுகூடப் பரவாயில்லை, கண்ணில் படும். 0 வந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அது நம்பும்படி இருக்கிறது.

தீர்வு கஷ்டமில்லை. தரவை இரண்டு முறை ஓட்டி முதலில் சராசரியையும் பிறகு விலக்கத்தையும் எடுக்கலாம். ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டுமென்றால் வெல்ஃபோர்ட் 1962-இல் கொடுத்த முறை இருக்கிறது. இதே வகைப் பிழைதான் வேறு வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வரும். 1-உடன் மிகச் சிறிய எண்ணைக் கூட்டி லாக் எடுக்கிற இடத்தில் அதைத் துல்லியமாகச் செய்யும் லாக்1பி ஃபங்ஷனைப் போட வேண்டும். இரண்டு பக்கங்களின் வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுக்கிற இடத்தில் அதற்கென்றே இருக்கும் ஹைப்பாட் ஃபங்ஷனைப் போட வேண்டும், இல்லாவிட்டால் 10²⁰⁰ அளவு எண் வந்ததும் வர்க்கம் முடிவிலிக்குப் போய்விடும், விடை என்னவோ டபுளுக்குள் தாராளமாக அடங்கும் எண்தான். ஒற்றைத் துல்லியத்தில் (32 பிட் வடிவம்) ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 16777216-இல் கூட்டல் நின்றுவிடும், அதற்கு மேல் 1 சேர்த்தாலும் எண் அசையாது. பைத்தானின் எண் லைப்ரரியான நம்பையின் கூட்டல் பாதிப் பாதியாகப் பிரித்துக் கூட்டுவது இதைத் தவிர்க்கத்தான், ஆனால் அதுவும் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கிற அச்சின் வழியாகக் கூட்டும்போதுதான் முழுதாக வேலை செய்யும். பேட்ச் பார்க்கும்போது கழித்தல் குறி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நின்று, இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக வர வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

சரி, டெஸ்ட். நான் பார்த்த வரை எல்லா லைப்ரரியிலும் பலவீனமான இடம் இதுதான், எண்ணிக்கையில் டெஸ்ட் குறைவாக இருப்பதால் அல்ல, இருக்கிற டெஸ்ட் எதையும் பிடிக்காததால். முதல் குற்றவாளி சகிப்பளவு, அதாவது எவ்வளவு வித்தியாசம் வரை சரி என்று விடுகிறோம் என்பது. நம்பையின் ஆல்குளோஸ் இரண்டு எண்களை ஒப்பிடும்போது சார்புச் சகிப்பு (விடையின் அளவைப் பொறுத்தது) 10⁻⁵, தனிச் சகிப்பு (விடை எதுவானாலும் மாறாதது) 10⁻⁸ என்று தானாக எடுத்துக்கொள்ளும். உங்கள் விடைகள் 10⁻¹⁰ அளவில் இருந்தால் ஒன்பது மடங்கு தப்பான விடையும் பாஸ் ஆகிவிடும், ஏனென்றால் வித்தியாசமே 10⁻⁸-ஐத் தாண்டாது! டெஸ்டுக்கென்றே இருக்கும் அசர்ட் ஆல்குளோஸில் தனிச் சகிப்பு 0, சார்புச் சகிப்பு 10⁻⁷. அதையே பயன்படுத்துங்கள், இரண்டு அளவுகளையும் வெளிப்படையாக எழுதுங்கள், ஏன் அந்த அளவு என்று ஒரு வரி கமெண்டும் போடுங்கள். ஒரு டெஸ்ட் தோற்றதும் சகிப்பைப் பத்து மடங்கு தளர்த்திப் பச்சை விளக்கு வாங்கும் பேட்ச் வந்தால், காரணம் தெரியும் வரை மெர்ஜ் செய்யாதீர்கள்.

எதிர்பார்க்கும் விடையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது அடுத்தது. லைப்ரரியையே ஓடவிட்டு, வந்த எண்ணை டெஸ்டில் ஒட்டி வைத்தால் நேற்றைய பக்கைப் பத்திரமாகப் பாதுகாக்கிறோம், அவ்வளவுதான். எம்பிமேத் போன்ற, துல்லியத்தை நாமே வைத்துக்கொள்ளும் கருவியில் 50 இலக்கத்துக்குக் கணக்குப் போட்டு அதை வையுங்கள், அந்த எண்ணை உண்டாக்கிய ஸ்கிரிப்டையும் கூடவே வையுங்கள். ஒற்றை விடை இல்லாத இடங்களில் பண்பைச் சோதியுங்கள். ஐகன் வெக்டரின் குறி இப்படித்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அடியில் அணிக் கணக்குப் போடும் பிளாஸ் லைப்ரரி மாறினால் பிளஸ் மைனஸ் ஆகும். அதனால் வெக்டரை நேரே ஒப்பிடாமல், அணியால் பெருக்கினால் ஐகன் மதிப்பு மடங்காகத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஓர உள்ளீடுகள்: காலி அர்ரே, ஒற்றை உறுப்பு, நேன், முடிவிலி, மைனஸ் சுழி, தலைகீழாகத் திருப்பிய அர்ரே, ஒன்று விட்டு ஒன்று எடுத்த அர்ரே. அளவுகளில் 7, 9, 31, 33 போன்றவற்றைக் கட்டாயம் சேருங்கள். சிம்டி கோட் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் கோட்) 4 அல்லது 8 டபுள்களை ஒரே வீச்சில் முடித்துவிட்டு மிச்சத்தைத் தனிச் சுற்றில் பார்க்கும், பக் குடியிருப்பது அந்த மிச்சத்தில்தான்.

"எனக்கு வேறு விடை வருகிறது" என்று இஷ்யூ வந்தால் உடனே பக் என்றோ பக் இல்லை என்றோ சொல்லிவிடாதீர்கள். வெர்ஷன், இயங்குதளம், புராசஸர், எந்த பிளாஸ் என்று கேளுங்கள், பத்து வரிக்குள் அதே தவறைக் காட்டும் கோட் கேளுங்கள், த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கிளை) எண்ணிக்கையை 1 ஆக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மிதவைப் புள்ளி (டபுள் போன்ற) எண்களின் கூட்டலில் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறும், த்ரெட்டுகள் வேலையைப் பங்கு போடும் விதம் மாறினாலே போதும். வித்தியாசம் பதினாறாவது இலக்கத்தில் என்றால் அதை விளக்கிச் சொல்லி மூடலாம். ஆறாவது இலக்கத்தில் என்றால் எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று தேடித் தரும் கிட் பைசெக்ட் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இயங்குதள வித்தியாசங்களும் உண்டு: லாங் டபுள் என்பது 64 பிட் இன்டெல் லினக்ஸில் 80 பிட் வடிவம், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலருடன் சாதாரண டபுளேதான். 64 பிட் விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண் 2.0 வரும் வரை 32 பிட்டாகத்தான் இருந்தது. உங்கள் கணினியில் ஓடுகிறது என்பது இங்கே பதிலே ஆகாது.

இப்போது வேகத்துக்கு வரலாம். முதலில் அளக்க வேண்டும், அளக்காமல் வரும் வேக பேட்சை ஏற்கக் கூடாது. ஒரு கோடி டபுள் என்றால் 80 எம்பி. இரண்டு அர்ரேக்களைப் பெருக்கி மூன்றாவதைக் கூட்டும் ஒரு வரிக்கு நடுவில் இன்னொரு 80 எம்பி தற்காலிகமாக உருவாகலாம், நேரம் போவது பெருக்கலில் அல்ல, நினைவகத்துக்குப் போய் வருவதில். ஆகவே தற்காலிக அர்ரேயைக் குறைப்பதும், நினைவகத்தில் அடுக்கியிருக்கும் திசையிலேயே சுற்றுவதும்தான் பெரும்பாலும் முதல் ஆதாயம். அளக்கும்போது பெரிய அர்ரேயோடு பத்து உறுப்பு அர்ரேயையும் சேருங்கள், நிறையப் பேர் சின்ன அர்ரேயை லட்சம் முறை கூப்பிடுபவர்கள். மாற்றத்துக்கு முன், பின் இரண்டு கோடையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நம்பையும், அறிவியல் கணிப்பு லைப்ரரியான சைபையும் இதற்கு ஏஎஸ்வி என்ற வேக அளவீட்டுக் கருவியைப் பயன்படுத்துகின்றன, நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கம்பைலர் கொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: ஃபாஸ்ட் மேத். ஒரே கொடியில் கோட் வேகமாகிறதே என்று யாராவது ஆசையோடு கொண்டுவருவார்கள். அது கம்பைலரிடம் நேன் என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிடுகிறது, அதனால் நேன் சோதனைகளையே கம்பைலர் தூக்கி எறியலாம். அதைவிட மோசம், ஜிசிசி கம்பைலரின் பழைய பதிப்புகளில் இந்தக் கொடியோடு கட்டிய ஷேர்டு லைப்ரரியை லோட் செய்தாலே, மிகச் சிறிய எண்களைச் சுழியாக்கும் புராசஸர் அமைப்பு லோட் செய்த த்ரெட்டுக்கே மாறிவிடும். உங்கள் லைப்ரரியை இம்போர்ட் செய்த பாவத்துக்கு, சம்பந்தமே இல்லாத இன்னொரு லைப்ரரியின் விடை மாறுகிறது. வேண்டவே வேண்டாம். தேவையான சுற்றைக் கையால் திருத்தி எழுதுங்கள்.

ஏபிஐ மாற்றத்தில் பொறுமை வேண்டும். நம்பை 1.0 வந்தது 2006-இல், 2.0 வந்தது 2024-இல். பைத்தானின் ஃப்ளோட்டுக்கு நம்பையில் இருந்த வெறும் மறுபெயரை எடுக்கக்கூட 1.20-இல் எச்சரிக்கை போட்டு 1.24-இல்தான் எடுத்தார்கள், அப்படியும் நிறைய கோட் உடைந்தது. எச்சரிக்கை செய்தியில் "இது போகிறது" என்று மட்டும் எழுதாமல், பதிலுக்கு எதை எழுத வேண்டும் என்றும் அந்த வரியிலேயே சொல்லுங்கள். விதை எண் (அதே வரிசையைத் திரும்ப வரவைக்கும் தொடக்க எண்) கொடுத்து ரேண்டம் எண் எடுப்பவர்களை மறக்க வேண்டாம்: அல்காரிதத்தை மேம்படுத்தினால் அவர்களுடைய பழைய முடிவு திரும்ப வராது. நம்பை பழைய ரேண்டம்ஸ்டேட்டை அப்படியே உறையவைத்துவிட்டு 1.17-இல் ஜெனரேட்டர் என்று புதிதாகத் தொடங்கியது, நல்ல முன்மாதிரி.

கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமத் திட்டமாக இருந்தால், கட்டுப்பாடு கூடிய ஜிபிஎல் உரிம லைப்ரரியிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ எடுத்து ஒட்டிய கோட் உள்ளே வரக் கூடாது. புது அல்காரிதம் வந்தால் எங்கிருந்து வந்தது என்று பங்களிப்பாளரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ரிலீஸ் என்பது ஒருவர் தலைக்குள் இருக்கிற ரகசியமாக இருக்கக் கூடாது. படிகளை ரெப்போவிலேயே எழுதி வைத்து, வெளியிடும் அனுமதியைக் குறைந்தது இரண்டு பேருக்குக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு ஆள் செய்து பார்க்கட்டும், எழுதியதில் எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ரிலீஸுக்கு முன் ஆர்சி (சோதித்துப் பார்ப்பதற்கான முன்வெளியீடு) விட்டு, உங்களை நம்பியிருக்கும் பெரிய திட்டங்கள் அதைத் தங்கள் டெஸ்டோடு ஓட்டிப் பார்க்க இரண்டு வாரமாவது கொடுங்கள். ரிலீஸ் குறிப்பில் எண் மாறும் மாற்றங்களைத் தனித் தலைப்பில் போடுங்கள்: எந்தப் ஃபங்ஷன், எந்த வகை உள்ளீட்டுக்கு, எத்தனையாவது இலக்கத்தில் விடை மாறும், பழைய விடை தப்பா அல்லது இரண்டுமே ஏற்கத்தக்கதா என்று.