வெள்ளி வாங்கப் போகும்போதே விற்கும் விலையைக் கேளுங்கள்

வெள்ளி விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பாதிப் பேர் வாங்கி முடித்துவிட்டுத்தான் யோசனை கேட்கவே வருகிறார்கள். டப்பாவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்: நாங்களெல்லாம் ஆரம்பத்தில் ஏமாந்து வாங்கிய அதே லட்சுமி காசு, அதே பளபள அட்டை. ‘தெரியாத ஆளிடம் வாங்காதே’, ‘பீரோவைப் பூட்டி வை’ என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். கடையில் யாரும் சொல்லாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வாங்கும் விலையை மட்டும் கேட்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்குவதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன், சிப்காட்டில் வேலை. சம்பளம் வந்ததும் மாதம் ஒரு பத்து கிராம் காசு என்று புதுச்சேரியில் ஒரு பெரிய கடையில் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தான். நல்ல பழக்கம்தான். தங்கைக்கு வளைகாப்பு வந்தது, பணம் தேவைப்பட்டது. விலையும் ஏறியிருந்தது. அன்றைய ரேட்டைக் கைபேசியில் பெருக்கிப் பார்த்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குத் தெம்பாகப் போனான். கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க கடை காசு இல்லையே தம்பி, உருக்கி டச் பாத்துத்தான் எடுப்போம்” என்றார். டச் என்றால் வெள்ளியின் சுத்த அளவு. அவர் சொன்ன தொகை இவன் போட்ட கணக்குக்கு வெகு கீழே. சரி, வாங்கிய கடைக்கே போவோம் என்று போனால் அங்கே வேறு பாட்டு: “கேஷ் தர்றதில்ல சார், நகையா மாத்திக்கலாம்.” கொலுசாக மாற்றினால் அதற்குச் செய்கூலி தனி, 3 சதவீதம் ஜிஎஸ்டி தனி. பந்திக்குப் பணம் தேடிப் போனவன் கொலுசை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

“என்னண்ணே, 999னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் கொறைக்கிறாங்க?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. முதல் காசு வாங்கிய அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஆயிரத்துக்கு 999 பங்கு வெள்ளி என்று அந்த எண் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வெள்ளியை யார், என்ன கழிவில், பணமாகத் திரும்ப எடுப்பார்கள் என்பது அட்டையில் எங்கேயும் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எளிதாக இருக்க கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராம் காசில் இருக்கும் வெள்ளி 1,000 ரூபாய். அட்டை, அச்சு, செய்கூலி என்று கடையில் 1,150 கேட்கிறார்கள் என்று வையுங்கள். அதன்மேல் 3 சதவீத வரி சேர்ந்து 1,184 ரூபாய் 50 காசு. விற்கப் போகும்போது அன்றைய ரேட்டில் 5 சதவீதம் கழித்தால், அதே நாளில் விற்றாலும் கைக்கு வருவது 950. செய்கூலியும் திரும்பாது, வரியும் திரும்பாது. போட்ட பணம் அப்படியே கைக்கு வரவேண்டுமென்றால் வெள்ளி ஏறத்தாழ 25 சதவீதம் ஏறியாக வேண்டும். அதுவரை லாபம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதெல்லாம் கடைக்காரருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணம்.

அதே பணத்தைச் சேர்த்துவைத்து 100 கிராம் கட்டியாக வாங்கியிருந்தால்? செய்கூலி 3 சதவீதம், வரி 3 சதவீதம், திரும்ப எடுக்கும்போது 3 சதவீதம் கழிவு என்றே வைத்தாலும் ஒன்பதரை சதவீத ஏற்றத்தில் தலை நிமிர்ந்துவிடலாம். உள்ளே இருப்பது இரண்டிலும் ஒரே வெள்ளிதான். கிராமுக்கு இவ்வளவு என்று செய்கூலியைக் கணக்கிட்டால், பொருள் சிறியதாக ஆக ஆக அது ஏறிக்கொண்டே போகும். வர்ணம் பூசிய சாமி காசு, ரோஜாப்பூ காசு, பெயர் பொறித்த காசு எல்லாம் பரிசு கொடுக்க அழகு. சேமிப்புக்கு ஆகாது.

எனவே பணத்தை எடுக்கும் முன்பே கேளுங்கள்: இதே காசை நாளைக்கு நானே கொண்டுவந்தால் பணமாகத் தருவீர்களா? அன்றைய ரேட்டில் எத்தனை சதவீதம் கழிப்பீர்கள்? அட்டை கிழிந்திருந்தால் எடுப்பீர்களா? பதிலை பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் கொடுக்கிற கூல்டிரிங்ஸைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஊரில் வேறு இரண்டு கடைகளில் போய், வேறு கடைக் காசை எப்படி எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் கூச்சப்படுகிறவர்கள், கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை இல்லாதவர்களுக்கு 2022 ஜனவரியிலிருந்தே வெள்ளி ஈடிஎஃப் இருக்கிறது, பங்குபோலச் சந்தையில் யூனிட்டாக வாங்கும் வெள்ளி நிதி. அதில் செய்கூலி கிடையாது, வாங்கும் யூனிட்டுக்கு 3 சதவீத ஜிஎஸ்டியும் கிடையாது. நிர்வாகக் கட்டணமும் தரகும் உண்டு.

வரி குறைவு என்று பாண்டிக்கு பஸ் ஏறுவது

முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் மலிவு. இன்னொன்றும் மலிவு. வெள்ளிக்கு அந்த ராசி இல்லை: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கடலூரிலும் 3 சதவீதம், நேரு வீதியிலும் 3 சதவீதம். செய்கூலி குறைவாக இருந்தால் போங்கள். ஆனால் விற்பதற்கும் அதே பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

எம்சிஎக்ஸ் விலையைக் காட்டிக் கடைக்காரரிடம் சண்டை போடுவது

எம்சிஎக்ஸ் என்பது முன்பேர வணிகச் சந்தை. அங்கே காட்டுவது 30 கிலோ ஒப்பந்தத்தின் விலை, ஜிஎஸ்டி சேராதது. 20 கிராம் வாங்குகிறவருக்கு அந்த விலை கிடைக்காது.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் அசல்

ஈயத்திலும் காந்தம் ஒட்டாது, செம்பிலும் ஒட்டாது. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பெயரில்தான் வெள்ளி.

வீட்டிலேயே இதைவிட நல்ல சோதனை ஒன்று செய்யலாம். 0.1 கிராம் வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி தொங்கவிடுங்கள். 100 கிராம் வெள்ளிக் கட்டி என்றால் தராசு 9.5 கிராம் அளவில் காட்ட வேண்டும். செம்பானால் 11 தாண்டும், ஈயமானால் 9க்குக் கீழே நிற்கும். இரண்டையும் அளவாகக் கலந்து இந்தச் சோதனையை ஏமாற்ற முடியும் என்பதால் ஹால்மார்க்கையும் விடக் கூடாது. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி ஹால்மார்க்கிலும் எச்யூஐடி வந்துவிட்டது. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு அது. ஹால்மார்க் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைப் போட்டுப் பார்க்கலாம். தங்கத்தைப் போல வெள்ளிக்கு இது கட்டாயம் ஆக்கப்படவில்லை. கடைக்காரர் தானாகத் தரமாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்டிமேட் சீட்டை பில் என்று நினைப்பது

அதில் ஜிஎஸ்டி எண் இருக்காது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம். வாங்கிய விலைக்கு அத்தாட்சி இல்லாமல் லாபத்தை எப்படிக் கணக்குக் காட்டுவீர்கள்?

அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று கட்டி வாங்குவது

முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வெள்ளி நகைக்கும் காசுக்கும் கடன் தரலாம். கட்டிக்குத் தரக் கூடாது. காசும் ஒருவருக்கு 500 கிராம் வரைதான். கட்டி வாங்குங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்ன எனக்கு இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. அடகுத் தேவை வரக்கூடிய குடும்பம் என்றால் கொஞ்சம் வெற்றுக் காசாகவும் வைத்துக்கொள்ளுங்கள், 50 கிராம், 100 கிராம் அளவில், சாமி வர்ணம் இல்லாமல்.

ஏறும்போது மொத்தமாக இறங்குவது

1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, அந்த உயரத்தை மறுபடி எட்டிப் பார்த்தது 2011 ஏப்ரலில். தாண்டியது 2025 அக்டோபரில். நம் ஊர்க் கணக்கில், 2011இல் கிலோ 70 ஆயிரத்துக்கு மேல் போய், 2015 கடைசியில் அதில் பாதிக்கும் கீழே கிடந்தது. அந்த நான்கு வருடத்தில் என்னிடம் யாரும் யோசனை கேட்டு வரவில்லை.

தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது

வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தகத்தால். விற்கும்போது கறுப்புக்காக விலை குறையாது. விபூதி, பல்பொடி போட்டுத் தேய்த்தால் எடை குறையும். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

பழைய காசை வெள்ளிக் கட்டி போல நினைத்து வாங்குவது

புதுச்சேரியில் இது தனி ஆபத்து. பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் நிறைய. அங்கிருந்து கொண்டுவந்த பியாஸ்தர், அதாவது பிரெஞ்சு இந்தோசீனாவின் வெள்ளிக் காசு, என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நீட்டுவார்கள். அசல் பியாஸ்தர், 1895க்குப் பிந்தி 1928 வரை அடித்தது, 27 கிராம், 90 சதவீத வெள்ளி. போலி எக்கச்சக்கம், பெரும்பாலானவை எடையிலேயே மாட்டிக்கொள்ளும். பிரிட்டிஷ் ரூபாயிலும் வருடம் பார்க்க வேண்டும்: 1939 வரை 11.66 கிராமில் ஏறத்தாழ 92 சதவீதம் வெள்ளி, 1940 முதல் பாதிதான், 1947 ரூபாயில் வெறும் நிக்கல். ராஜா தலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பையில் ஒரு சின்னத் தராசு இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.