கோடை இடிமழை: ரசிக்கும்போதே எண்ணுங்கள்

சித்திரைப் புழுக்கத்தில் நாள் முழுக்க வெந்துவிட்டு, சாயங்காலம் மேற்கே கருத்து வரும்போது குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடிக்கும் பாருங்கள், அதற்காகவே வாசலுக்கு ஓடி வருவோம். திருவையாற்றுப் பக்கம் வாழை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அப்போது வயிறு கலங்கும். அந்தக் குளிர்காற்று மேகத்திலிருந்து கீழே பாய்கிற காற்று. தார் போட்ட வாழையைச் சில நிமிடங்களில் சாய்ப்பதும் அதுதான்.

அதே மேகம் மின்னலையும் கொண்டுவரும். அதனால் வாசலில் நிற்கும்போதே எண்ணுங்கள். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எத்தனை விநாடி? ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடித்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத்தான் வெளியே வர வேண்டும். மழை விட்டதே என்று கிளம்புகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

பருத்தி எடுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டால் மரத்தடியும் கீற்றுக் கொட்டகையும் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். மாட்டை மரத்தில் கட்டாதீர்கள். கைபேசியில் ‘தாமினி’ செயலி இருந்தால் அக்கம்பக்கத்து மின்னலை முன்கூட்டியே சொல்லும்.

அப்புறம் வாழைக்கு: தார் தள்ளியதுமே சாய்கிற பக்கம் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்துவிடுங்கள். அப்படியும் விழுந்துவிட்டால், வெட்டி அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். காலையில் தோப்புக்குள் நுழையும்போது அறுந்த மின்கம்பி கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.