எலிப்பனி மாத்திரையும் கொழிஞ்சாம்பாறை வெயிலும்

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள்: வாரம் ஒருநாள் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. விழுங்கிவிட்டு மறுநாள் வெயிலில் நாற்று நட்டால் சிலருக்குப் புறங்கை தீய்ந்த மாதிரி சிவந்துவிடும். தோலில் இருக்கும் மருந்து புற ஊதா ஒளியை வாங்கி ஆக்சிஜனுக்குக் கடத்துகிறது. அந்த ஆக்சிஜன் முறுக்கேறி செல்லின் சவ்வைப் புண்ணாக்குகிறது.

"நெல்லிக்காய் தின்னா சரியாப் போயிருமாக்கா?" போன ஆடியில் தென்னையேறுகிற ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்விதான். நெல்லி, பச்சைத் தேயிலை இரண்டிலும் அந்த ஆக்சிஜனை அடக்கும் சத்து உண்டு. 2001இல் வெளியான ஆய்வொன்றில், தேயிலைச் சத்தை முன்கூட்டியே தடவிய தோல் புற ஊதா ஒளியில் குறைவாகவே சிவந்தது. ஆனால் அது மாத்திரை தின்ற தோல் இல்லை. அதனால் நெல்லிக்காயைத் தாராளமாகத் தின்னுங்கள், அதை நம்பி வெயிலில் நிற்காதீர்கள்.

நான் சொல்வது இதுதான். மாத்திரையைச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டோடு, ஒரு சொம்புத் தண்ணீரில் விழுங்குங்கள். உடனே படுத்தால் தொண்டைக்குக் கீழே புண்ணாகும், அரைமணி உட்காருங்கள். பாலும் இரும்புச்சத்து மாத்திரையும் அந்த நேரத்தில் வேண்டாம். உடம்பில் மருந்து பாதியாகக் குறைய 18 முதல் 22 மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு நிழலில் போய்விட்டால் திங்கள் காலை ஏறக்குறைய கால்வாசிதான் மிச்சம். அந்த மிச்சத்துக்கு முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. பஸ் கண்ணாடியை நம்ப வேண்டாம், இந்தக் கதிர் அதையும் தாண்டும்.

சிவந்துவிட்டதா? ஆறவைத்த பச்சைத் தேயிலைத் தண்ணீரில் பருத்தித்துணி நனைத்துப் போடலாம், எரிச்சலுக்கு இதமாக இருக்கும். வெறும் குளிர்ந்த தண்ணீரும் அதைச் செய்யும். எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தத் தம்பி பிழிந்துகொண்டு மரமேறியிருக்கிறார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சாறு ஒழுகிய தடம் அப்படியே கொப்புளித்து, பிறகு காபிக்கொட்டை நிறத்தில் கோடாக நின்றது. எலுமிச்சையில் இருக்கும் சோராலன் தானே வெயிலைக் கூப்பிடும் சரக்கு. வெண்புள்ளிக்குக் கொடுக்கிற கார்போகரிசி விதையிலும் அதுதான்.

கொப்புளம் வந்தாலோ நகம் மேலெழும்பி வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எலிப்பனி இதைவிட மோசம்.