பட்டாளத்து வாட்சுக்குப் பட்டை போடும் முன்

பழைய ராணுவ வாட்ச் கைக்கு வந்ததும் 'புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க' என்று கடையில் நீட்டாதீர்கள். பாலிஷ் போட்டால் கேஸின் விளிம்பு மழுங்கும். பின்மூடியில் வெட்டிய, ராணுவச் சொத்து என்று காட்டும் அம்புக்குறியும் எண்ணும் தேயும். டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தால் சேகரிப்பவன் அதைத் தொடவே மாட்டான்.

வாங்கும்போது 10 மடங்கு லென்ஸில் டயலைப் பாருங்கள். எச்எம்டி கம்பெனியின் ராணுவ வாட்சான ஜவான் பெயரில் புதிதாக அச்சடித்த டயல்கள் ஏராளம். எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் கோணலாக இருந்தால் விட்டுவிடலாம். 1945 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 12 கம்பெனிகள் செய்த வாட்ச் வேறு விஷயம். அதில் வட்டத்துக்குள் 'டி' எழுத்து இருந்தால் போலி என்று ஒதுக்க வேண்டாம். இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய பழைய டயலைக் கழற்றிவிட்டு, கதிர்வீச்சு குறைந்த டிரிட்டியம் பூசிய டயலை (அதுதான் 'டி') மாட்டியது ராணுவமேதான்.

ரேடியம் பூசிய முள் இருட்டில் மின்னவில்லையா? செத்தது அதோடு கலந்து ஒளிரும் துத்தநாக சல்பைடுதான், ரேடியம் அல்ல. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். அதனால் சுரண்டவோ ஊதவோ கூடாது. கிளாஸையும் திறக்காதீர்கள். பழகிய மெக்கானிக்கிடம் 'இது ரேடியம்' என்று சொல்லிக் கொடுங்கள்.

நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் உடனே சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள். திசைகாட்டியைப் பக்கத்தில் வையுங்கள். ஊசி ஆடினால், வாட்சின் வேகத்தை ஆளும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தம் எடுத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

இனி பட்டை. ராணுவ வாட்ச் பலவற்றில் பட்டை மாட்டும் கம்பி கேஸோடு பற்றவைத்திருக்கும், கழற்ற வராது. நெம்பினால் கம்பியைத் தாங்கும் காது உடையும். அதனால் சாதாரண இரண்டு துண்டுப் பட்டை ஏறாது. ஒரே துண்டு நைலான் பட்டையை நுழைப்பது சுலபம். தோல்தான் வேண்டுமென்றால் சென்னை பெரியமேட்டில் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனத்தில் தோல் வாங்குங்கள். காதுகளின் இடைவெளியை வெர்னியரில் அளந்து, அதைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள்: 18 என்றால் 17.5. கம்பியைச் சுற்றி மடியும் பகுதியை உட்புறமாக 0.7 மில்லிமீட்டர் கனம் வரும் வரை சீவுங்கள். சீவாமல் மடித்தால் தோல் கேஸில் உரசி, பட்டை கீழே மடங்காமல் விறைத்து நிற்கும். கம்பியைச் சுற்றி மடித்து, ஒட்டி, மெழுகு நூலால் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தையுங்கள். வாட்ச் கேஸ் கூடவே இருப்பதால் தைக்கும்போது அதைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். ஊசி நழுவினால் கோடு விழும்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் குரோம் பூசிய பித்தளைக் கேஸ் பச்சை பூக்கும். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள். நைலானை வாரம் ஒருமுறை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கலாம். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வாட்சை வையுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் நிறம் மாறியதும் சூடுகாட்டி உலர்த்த வேண்டும்.