பிரஷர் மாத்திரை போட்ட பிறகு உடம்பு அரிக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

சேலத்து மே மாத வெயிலில் யாருக்குத்தான் அரிக்காது? மாத்திரையால் வந்த தடிப்பைக்கூட வேர்க்குரு என்று பவுடர் போட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. லேசாக அரித்ததுமே மாத்திரையைத் தூக்கிப்போடுகிறவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம்.

முதலில் மாத்திரை அட்டையைத் திருப்புங்கள். கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நமக்கு வேண்டியது பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர். இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையில் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, ‘ஏஎம்’ இருந்தால் அம்லோடிபின். கண் தெரியவில்லையா, மெடிக்கலில் கொடுத்தால் படித்துச் சொல்வார்கள்.

அடுத்து, தடிப்பு எங்கே என்று பாருங்கள். கழுத்துப் பட்டன் திறந்த இடம், முன்கை, புறங்கை எல்லாம் சிவந்து, வாட்ச் கட்டிய இடம் மட்டும் தப்பியிருந்தால் வெயில் பட்டு வந்தது. ஹைட்ரோகுளோரோதயாசைடு தோலை வெயிலுக்குத் தாங்காமல் செய்யும். ஏற்காட்டில் குளிர்தானே என்று நினைக்காதீர்கள், மலை ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களும் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது.

அரிப்போடு வேறு தொந்தரவும் இருக்கிறதா என்று பாருங்கள். கணுக்கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுகிறதா? அம்லோடிபினால் இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல் விடாது. இருமல் டானிக் அதற்குக் கேட்காது.

அப்புறம், மாத்திரை தொடங்கிய தேதி, அரிப்பு வந்த தேதி, நடுவில் மாற்றிய சோப்பு, முட்டிவலிக்கு வாங்கிப் போட்ட மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். தடிப்பைப் போட்டோ எடுங்கள். டாக்டரிடம் போகும்போது மறைந்துபோயிருக்கும்!

உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அடுத்த வேளை மாத்திரை வேண்டாம், உடனே 108. எனலாப்ரில் வகையில் இந்த வீக்கம் பல வருஷம் கழித்துக்கூட வரும். ஏற்காட்டுக்காரர்கள் விடிந்ததும் சேலம் இறங்கலாம் என்று காத்திருக்கவே கூடாது. தோலில் கொப்புளம், வாய்ப்புண், காய்ச்சல் சேர்ந்து வந்தாலும் அதே அவசரம்தான்.

மற்றபடி ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள். இந்த மருந்து சேரவில்லை என்று முடிவானால், அதன் பெயரை ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.